கிருபையா, கடப்பாரையா?

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கங்களில் பஸ் ஏறி இறங்குகிற எவருக்கும் ஒரு கேள்வி பழக்கமாயிருக்கும். கையில் ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்துவிட்டு, "நீங்கள் இரட்சிக்கப்பட்டீர்களா?" என்று ஒருவர் கேட்பார். கேட்கிறவர் பெரும்பாலும் யோக்கியமான மனிதராகவே இருப்பார். குடிக்கமாட்டார், பொய் சொல்லத் தயங்குவார், வேகாத வெயிலில் நடந்து வந்து நமக்காகக் கவலைப்படுவார். ஆகவே அவரைக் கேலி செய்து அனுப்பிவிடுவது மரியாதையும் ஆகாது, பதிலும் ஆகாது. அவர் கேள்வியை எடுத்துக்கொண்டு அதற்குள் இருக்கும் சரக்கு என்ன என்று பார்ப்போம்.

முதலில் அந்தக் கேள்வியின் இலக்கணத்தைக் கவனியுங்கள். "உங்களை நீங்கள் இரட்சித்துக்கொண்டீர்களா?" என்று அவர் கேட்பதே இல்லை. "இரட்சிக்கப்பட்டீர்களா?" என்றுதான் கேட்கிறார். செய்கிறவன் வேறொருவன், நாம் செய்யப்படுகிற பண்டம். மூட்டை வண்டியில் ஏற்றப்பட்டதா என்று விசாரிக்கிற மாதிரி! கிறிஸ்து மதத்தின் மூல தத்துவம் இந்தச் செயப்பாட்டு வினைக்குள்ளேதான் இருக்கிறது.

அத்தத்துவமாவது, மனிதன் ஆதாமின் பாவத்தைச் சுமந்துகொண்டே பிறக்கிறான் என்பதும், தன் முயற்சியால் அவன் கரையேற முடியாது என்பதும், அவன் செய்யும் நல்ல காரியங்கள் அந்தக் கணக்கில் வரவு வைக்கப்படமாட்டா என்பதும், கடவுள் தானாக மனமிரங்கிப் போடும் கிருபையை விசுவாசித்து வாங்கிக்கொள்வது ஒன்றே வழி என்பதுமாகும். பவுல் எபேசு சபையாருக்கு எழுதிய நிருபத்தில் இதைத் தெளிவாகச் சொல்லி, மனிதன் தன் கிரியையைக் குறித்துப் பெருமை பேசிவிடக்கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு என்று காரணமும் காட்டுகிறார். அதே பவுல் பிலிப்பி சபையாருக்கு எழுதும்போது அவரவர் இரட்சிப்புக்கு அவரவரே பயத்தோடு பாடுபட வேண்டும் என்ற கருத்திலும் எழுதியிருக்கிறார். யாக்கோபு என்பவரோ கிரியை இல்லாத விசுவாசம் பிணத்துக்குச் சமானம் என்கிறார். ஒரே புஸ்தகத்தில் இரண்டு பேச்சு இருப்பது ஆச்சரியமல்ல. எந்தப் பேச்சைச் சபை கெட்டியாகப் பிடித்துக்கொண்டது என்பதுதான் சங்கதி.

மனிதனால் முடியும் என்று சொன்ன கிறிஸ்துவர்களே இல்லையோ என்றால், இருந்தார்கள். பெலாஜியுஸ் என்ற ஒரு துறவி, நல்லதைத் தெரிந்து செய்யும் சக்தி மனிதனிடமே இருக்கிறது என்று போதித்தார். அகஸ்தீன் அவரை எதிர்த்து எழுதித் தள்ளினார். 418-ம் வருஷம் கார்த்தேஜில் கூடிய பிஷப்புமார் சபை பெலாஜியுஸின் கொள்கையைக் கண்டித்து ஒதுக்கியது. பின்பு 1517-ல் லூதர் வந்தார். பாப்பரசரின் பேரால் மன்னிப்புச் சீட்டு விற்றதை எதிர்த்த அவருடைய துணிச்சலை நாம் மனமார மெச்சுவோம். ஆனால் தரகனைத் துரத்திய அந்த வீரர், முதலாளியை முன்னிலும் உயரத்தில் உட்காரவைத்துவிட்டார். விசுவாசம் மாத்திரமே போதும் என்றார்; கிரியையைப் பற்றிப் பேசிய யாக்கோபின் நிருபத்தை வைக்கோலுக்கு ஒப்பிட்டார். இதன் பொருட்டுக் கத்தோலிக்கரும் லூதரன்களும் நூற்றாண்டுக் கணக்கில் அடித்துக்கொண்டு, கடைசியாக 1999-ம் வருஷம் அக்டோபர் 31-ம் தேதி ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில் உட்கார்ந்து ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள். எந்த விஷயத்தில் ராஜி தெரியுமா? மனிதன் கடவுளால் ஏற்றுக்கொள்ளப்படுவது கிருபையாலேயே அன்றி அவனுடைய தகுதியால் அல்ல என்பதில்! சண்டை போட்டவர்கள் சமாதானமானதில் நமக்குச் சந்தோஷந்தான். ஆனால் சமாதானத்தின் செலவு யார் தலையில் விழுந்தது என்று பார்த்தால், மனிதன் தலையில்தான் விழுந்திருக்கிறது.

இந்தச் சரக்கு நம் நாட்டுக்கு 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கியது. பாளையங்கோட்டையில் முதல் சபையை ஏற்படுத்திய சுவார்ட்ஸும், பின்பு 1820-ல் அங்கு வந்து திருநெல்வேலி ஜில்லாவையே கலக்கிய ரேனியஸும் லூதர் வழியில் வளர்ந்த ஜெர்மானியர்களே. ஆகையால் நம் பக்கத்துக் கிராமத்து உபதேசியார் வேப்பமரத்தடியில் சொல்லுகிற "உன்னால் ஒன்றும் ஆகாது, அவர்மேல் பாரத்தைப் போடு" என்பது அவர் சொந்தச் சொல் அல்ல. வெகுதூரம் நடந்து வந்த சொல்.

இதில் ஒரு நன்மை இருந்ததை நாம் மறைக்க வேண்டியதில்லை. எல்லோரும் பாவிகள் என்றால் ஐயரும் பாவி, ஜமீன்தாரும் பாவி என்றாகிறது. தெருவில் நடக்கவும் விடாமல் வைக்கப்பட்டிருந்தவன் காதில் அது தேனாகத்தான் விழுந்திருக்கும். ஆனால் அடுத்த வார்த்தையைக் கவனியுங்கள். "நீ இந்த நிலையில் இருப்பது முன்ஜென்மக் கர்மம்" என்று ஒரு புரோகிதன் ஏற்கனவே அவனுக்குத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறான். அதிலிருந்து தப்பி ஓடிவந்தவனிடம், "உன்னிடம் நல்லது ஒன்றுமில்லை, ஆதாமின் பாவம் உன் இரத்தத்தில் இருக்கிறது" என்று இன்னொருவன் சொல்லுகிறான். இரண்டு குற்றமும் அவன் செய்ததல்ல. இரண்டுக்கும் தண்டனை மாத்திரம் அவனுக்கு! காலைக் கட்டிப்போட்டுவிட்டு ஓடவில்லை என்று மாட்டை அடிக்கிறவனைக் கிராமத்தில் நாலு பேர் திட்டுவார்கள். அதையே கடவுள் செய்தால் நீதி என்றும், அவிழ்த்துவிட்டால் கிருபை என்றும் பெயர்.

நிற்க, இதைப் படித்துவிட்டு இந்து மதப் பிரசாரகர்கள் சிரிக்க வேண்டாம். அவர்கள் வீட்டிலும் இதே குப்பை இருக்கிறது. வைஷ்ணவத்தில் வடகலையார் குரங்கு நியாயம் என்பார்கள். குட்டி தாயை இறுகப் பிடித்துக்கொள்வதுபோல் பக்தன் கடவுளைப் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். தென்கலையார் பூனை நியாயம் என்பார்கள். குட்டி சும்மா கிடக்க, தாயே வாயில் கவ்விக்கொண்டு போவதுபோல் கடவுளே தூக்கிக்கொண்டு போவாராம். அந்தப் பூனைக்கும் லூதரின் கிருபைக்கும் எத்தனை அங்குலம் தூரம் என்று இரு கட்சியாரும் அளந்து சொல்லட்டும். நமக்கு இதில் குரங்கும் வேண்டாம், பூனையும் வேண்டாம்.

எட்டயபுரம் சந்தைப் பக்கம் ஓர் உபதேசியாரிடம் இதைச் சொல்லியபோது அவர் மடக்குவதாக எண்ணி ஒரு கேள்வி போட்டார்: "அண்ணாச்சி, நம்ம ஊரு வானம் பார்த்த பூமி. மழை உங்க கையிலயா இருக்கு? அவர் பெய்ய வச்சாத்தான விளையும்? கிருபையும் அப்படித்தான்." நல்ல கேள்வி. கரிசல்காட்டானிடம் கேட்க வேண்டிய கேள்வியும் இதுவே. மழை நம் கையில் இல்லைதான். ஆனால் இந்தக் கரிசலில் மழையை மாத்திரம் நம்பி உட்கார்ந்த சம்சாரி எவனையாவது அவர் காட்டட்டும். கோடையில் உழுது போடுகிறான், வரப்பை உயர்த்துகிறான், ஐப்பசி மழைக்கு முன்னாலேயே காய்ந்த மண்ணில் விதைத்துவைக்கிறான், பருத்தி போனாலும் கம்பு மிஞ்சட்டும், கம்பு போனாலும் உளுந்து மிஞ்சட்டும் என்று கணக்குப் போடுகிறான். வறட்சியைத் தாங்கும் விதைக்காகவே கோவில்பட்டியில் 1901 முதல் ஓர் ஆராய்ச்சிப் பண்ணை இருந்து வருகிறது. மழை வந்தும் கண்மாய் பெருகாமல் போவது எதனால்? வரத்துக்கால் அடைபட்டு, உள்ளே சீமைக்கருவேல் மண்டிக் கிடப்பதனால். அந்த அடைப்பு மேகத்திலா இருக்கிறது? மேலும், மழை விசுவாசிக்கு ஒரு உழக்கு, அவிசுவாசிக்கு ஒரு ஆழாக்கு என்று பெய்வதில்லை. உபதேசியார் சொல்லும் கிருபையோ ஆள் பார்த்தல்லவா வருகிறது!

இனி, "கிருபையினால்தானே எங்கள் ஜனங்கள் இவ்வளவு முன்னுக்கு வந்தார்கள்?" என்று திருநெல்வேலிக் கிறிஸ்துவர்கள் கேட்பார்கள். இதுதான் உண்மையாகப் பதில் சொல்லவேண்டிய கேள்வி. அந்த ஜில்லாவின் தென்கோடித் தேரிக்காட்டில் பனையேறிப் பிழைத்த ஜனங்களிடமிருந்து டாக்டர்களும் வக்கீல்களும் உபாத்தியாயர்களும் எண்ணற்றுப் புறப்பட்டது கண்கண்ட உண்மை. அதைச் செய்தது எது?

1799-ல் முதலூர் உண்டானது எப்படி? கிறிஸ்துவர்களானவர்களை ஊரில் இருக்கவிடாமல் அடித்து விரட்டினார்கள். தாவீது சுந்தரானந்தம் என்ற அவர்களில் ஒருவர் முன்னின்றார், நிலம் வாங்கினார்கள், வீடு கட்டிக் குடியேறினார்கள். பின்பு ரேனியஸ் ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் வைத்தார். கால்டுவெல் 1841-ல் இடையன்குடிக்கு வந்து அரை நூற்றாண்டு அங்கேயே கிடந்து தெரு அமைத்தார், கிணறு வெட்டினார், பள்ளிக்கூடம் நடத்தினார். அன்னியர்களாயிருந்தும் நம் ஜனங்களுக்கு எழுத்தைக் கொடுத்த அவர்களுக்கு நாம் நன்றி செலுத்தக் கடமைப்பட்டவர்களே. ஆனால் எழுத்தைக் கொடுத்தது பலகையும் பிரம்பும் வாத்தியாருமா, கிருபையா? 1876 முதல் 1878 வரை நாட்டை அழித்த தாது வருஷப் பஞ்சத்தின்போது ஜனங்கள் ஆயிரமாயிரமாகச் சபையில் சேர்ந்தார்கள். அவர்களைப் பிழைக்கவைத்தது தானியம். தானியம் கொண்டுவந்தது மனிதர்கள் சேர்த்த பணம்.

இதற்கு எதிர்ச்சாட்சி ஒன்று நம் கரிசல் சீமையிலேயே இருக்கிறது. விருதுநகர், சிவகாசிப் பக்கத்து நாடார்கள் பெரும்பாலும் மதம் மாறவில்லை. அவர்களும் அதே இழிவைப் பட்டார்கள். கமுதி கோவிலுக்குள் போனதற்காக 1897 முதல் வழக்காடி, 1908-ல் லண்டன் பிரிவி கௌன்சில் வரை போய்த் தோற்றார்கள். 1899-ல் சிவகாசியில் தாக்கப்பட்டார்கள். அவர்கள் என்ன செய்தார்கள்? உறவின்முறை கூடினார்கள். வியாபாரத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை பிடித்தார்கள். வீட்டுக்கு வீடு பிடியரிசி சேர்த்தார்கள். அந்தப் பணத்தில் விருதுநகரில் 1880-களிலேயே சத்திரிய வித்தியாசாலை நடந்தது. பிற்காலத்தில் காமராஜர் படித்ததும் அங்கேதான். 1910-ல் நாடார் மகாஜன சங்கமும், 1921-ல் தூத்துக்குடியில் நாடார் பாங்கும் ஏற்பட்டன. 1923-ல் சிவகாசி வாலிபர் இருவர், அய்ய நாடாரும் சண்முக நாடாரும், கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். இன்றைக்குக் கோவில்பட்டி, சாத்தூர், எட்டயபுரம் வட்டாரத்தில் தீப்பெட்டி ஆபீசில் கூலி வாங்கும் கைகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். (அந்தக் கூலி போதுமா என்பது வேறு விஷயம், அதற்குத் தனியாக ஒரு வியாசம் எழுத வேண்டும்.)

தெற்கே பைபிள் இருந்தது, பள்ளிக்கூடமும் இருந்தது, உயர்ந்தார்கள். வடக்கே பைபிள் இல்லை, பள்ளிக்கூடம் இருந்தது, உயர்ந்தார்கள். இரண்டிலும் பொதுவாக இருந்தது எது என்று மூன்றாம் வகுப்புப் பையன் சொல்லிவிடுவான்.

பள்ளிக்கூடமும் பணமும் இல்லாமல் கடவுளை மாத்திரம் மாற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம் எல்லைக்குள்ளேயே சாட்சி உண்டு. கழுகுமலை அந்நாளில் எட்டயபுரம் ஜமீனைச் சேர்ந்தது. தேர்த்தெருக்களில் ஊர்வலம் போக நாடார்களுக்கு உரிமை மறுக்கப்பட்டது. கோர்ட்டும் கைவிடவே, அவர்களில் பலர் கத்தோலிக்கரானார்கள். தேரோடும் தெருவிலேயே ஒரு கட்டிடத்தை வாங்கி ஜெபக்கோவிலாக்கினார்கள். 1895-ல் பங்குனித் தேர் வந்தபோது கலகம் மூண்டது. ஜமீன் மானேஜர் உட்பட இரு பக்கத்திலும் உயிர்கள் போயின, வீடுகள் எரிந்தன. முருகனும் அவன் பக்தர்களைக் காக்கவில்லை. ஏசுவும் தம் புது விசுவாசிகளைக் காக்கவில்லை. பின்னாளில் கோவில் நுழைவுக்கு வழி திறந்தது 1939-லும் 1947-லும் சென்னைச் சட்டசபையில் செய்த சட்டங்கள். எட்டயபுரம் போன்ற ஜமீன்களை ஒழித்தது 1948-ம் வருஷச் சட்டம்.

பசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அன்றாட ஆகாரத்தைக் கொடு என்று பரலோகத்துப் பிதாவைக் கேட்கும் ஜெபம் தமிழ்நாட்டில் 1706-க்கும் முன்பிருந்தே நடந்து வருகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மத்தியான ஆகாரம் போடும் திட்டமோ 1956-ல், காமராஜர் மந்திரிசபைக் காலத்தில், இதே எட்டயபுரத்தில்தான் துவக்கப்பட்டது. ஊரார் அரிசியும் பருப்பும் காய்கறியும் காசும் கொடுத்தார்கள். வாத்தியார்கள் நின்று பரிமாறினார்கள். கிறிஸ்துவப் பிள்ளையும், இந்துப் பிள்ளையும், முஸ்லிம் பிள்ளையும், நாஸ்திகன் பிள்ளையும் ஒரே வரிசையில் உட்கார்ந்து தின்றன.

"கடவுள்தான் மனிதர் கைகளின் மூலமாய்ச் செய்கிறார்" என்று இதற்குப் பதில் வரும் என்பது நமக்குத் தெரியும். பலித்ததெல்லாம் கடவுள் மூலம், பலிக்காததெல்லாம் மனிதன் மூலம் என்று கணக்கெழுதுகிற கடைக்கு நஷ்டமே வராது! ஆனாலும், பிரசங்க மேடையில் கையை இகழ்கிற கிறிஸ்துவர்களே காரியத்தில் கையைத்தான் நம்புகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஐடா ஸ்கடர் அம்மையார் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் மாண்டதைக் கண்டார். ஆண் டாக்டரை உள்ளே விடமாட்டோம் என்று புருஷன்மார் தடுத்ததனால் வந்த சாவு அது. அந்த அம்மாள் ஜெபமும் செய்தார். ஆனால் ஜெபத்தோடு நிறுத்தவில்லை. அமெரிக்கா போய் வைத்தியம் படித்து 1899-ல் பட்டம் பெற்றுத் திரும்பி, 1900-ல் வேலூரில் வைத்தியசாலை திறந்து, 1918-ல் பெண்களுக்கு வைத்தியப் பள்ளியும் வைத்தார். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா 1903-ல் இந்திய மிஷனரிச் சங்கத்தைத் துவக்கியபோது, நம் பணம், நம் ஆள், நம் நிர்வாகம் என்றுதான் அது புறப்பட்டது. சங்கம் நடத்தச் சுயபலம் வேண்டும், சுயநிர்வாகம் வேண்டும்; ஆத்துமாவுக்கு மாத்திரம் சுயம் ஆகாதென்றால் அது என்ன நியாயம்?

வேதாந்திகளின் வெறும் வாதமாக இது நின்றுவிட்டால் நமக்குக் கவலை இல்லை. சுகமளிக்கும் கூட்டம் என்று மைதானத்தில் பந்தல் போட்டு ஒலிபெருக்கி கட்டும்போதுதான் கவலை வருகிறது. காசநோய்க்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். சாதாரணமாக 6 மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். முதல் இரண்டு மாதத்திலேயே இருமல் அடங்கி, காய்ச்சல் போய், உடம்பு தேறும். அந்தச் சமயத்தில் ஒரு கூட்டத்துக்குப் போகிற தொழிலாளிப் பெண், "ஆண்டவர் என்னைத் தொட்டார்" என்று மேடையேறிச் சாட்சி சொன்னால், மறுநாள் மாத்திரையை எடுத்துப் போடுவது அவிசுவாசமாகத் தோன்றுமா தோன்றாதா? நிறுத்திவிட்டால் அந்த நோய் மருந்துக்கு அடங்காத நோயாய்த் திரும்பி வருமே, அப்போது மேடையும் ஒலிபெருக்கியும் எந்த ஊரில் இருக்கும்? மாத்திரையை விடாதே என்று சொல்லி அனுப்புகிற போதகர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு நம் வணக்கம். அப்படிச் சொல்லும் அந்த நிமிஷத்தில் அவர்களும் நம் கட்சிதான்.

கடைசியாக, கிருபை தனியாக விடப்பட்டால் என்ன செய்யும் என்பதைச் சபைக்குள்ளேயே பார்க்கலாம். ஆஸ்பத்திரிக்கு டாக்டர் வேண்டும், பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் வேண்டும். சகோதரனைப் பக்கத்தில் உட்காரவைப்பதற்கு விசுவாசம் ஒன்றே போதுமே! போதியதா?

1745-ல் புதுச்சேரிக் கோவிலுக்குள் தாழ்த்தப்பட்டவர்களைத் தனியே பிரித்து ஒரு சுவர் இருந்தது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் இச்சங்கதி இருக்கிறது. தாழ்த்தப்பட்ட கிறிஸ்துவர்களே திரண்டு போய்ப் பெரிய பாதிரியாரிடம், எங்களைக் கிறிஸ்துவர்களாக்கிவிட்டு ஏன் ஒதுக்கிவைக்கிறீர்கள் என்று நியாயம் கேட்டார்கள். கேட்ட பிறகுதான் சுவர் இடிந்தது. உடனே சாதிக் கிறிஸ்துவர்கள் கூச்சல் கிளப்பினார்கள். திருநெல்வேலி ஜில்லா வடக்கன்குளத்திலோ, கோவிலையே இரண்டு கூடமாகக் கட்டி, வேளாளர் முதலியோர் ஒரு பக்கம், நாடார் முதலியோர் ஒரு பக்கம், நடுவே சுவர். ஒரே பலிபீடம், ஒரே பூசை, ஒரே அப்பம்! எத்தனை ஆயிரம் பூசை அங்கு நடந்திருக்கும், எத்தனை லட்சம் ஜெபம் அந்தச் சுவரில் மோதியிருக்கும்! சுண்ணாம்பு கூட உதிரவில்லை. 1910-ல் கோசனெல் என்ற பாதிரியார் ஆள் வைத்து இடித்தார். வேளாளக் கிறிஸ்துவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். பரலோகத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரச் சம்மதித்தவர்கள் வடக்கன்குளத்தில் உட்காரமாட்டோம் என்று பிராது கொடுத்தார்கள்.

இது பழங்கதை என்பீர்களானால், 2008 மார்ச்சில் அன்றைய விழுப்புரம் ஜில்லா எறையூரில் நடந்ததைப் பாருங்கள். கோவிலிலும், சவ ஊர்வலத்திலும், கல்லறையிலும் ஒதுக்கப்பட்ட தாழ்த்தப்பட்ட கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். சாதிக் கத்தோலிக்கர்கள் அவர்கள் வீடுகளைத் தாக்கினார்கள். போலீசார் சுட்டதில் 2 பேர் மாண்டார்கள். அவர்களும் ஞானஸ்நானம் பெற்றவர்களே. அதன் பிறகு, 2010-ல், திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தாழ்த்தப்பட்டவர் பிணத்தையும் மற்றவர் பிணத்தையும் பிரித்து நின்ற சுவரைப் பற்றிப் பத்திரிகைகளில் வந்தது. அங்கே புதைக்கப்பட்டிருந்தவர்கள் இரு பக்கத்திலும் விசுவாசத்தோடு மரித்தவர்கள். கிருபையைப் பெற்று முடித்தவர்கள். மறுமையில் ஒன்றாக எழுந்திருக்கப் போகிறவர்கள். அந்தச் சுவரைக் கட்டியது கொத்தன். அதை இடிக்கவும் கூலிக்கு நாலு ஆளும் இரண்டு கடப்பாரையும் ஒரு மத்தியானமும் போதும். பங்குச் சபையார் எதற்காகக் காத்திருந்தார்கள் என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.